மிலிட்டரி மாவு

பேனரைக் கட்டி முடித்தபோது காலை ஏழு மணி. தெருமுனையில் டிரான்ஸ்பார்மரை ஒட்டி, பத்தடிக்கு எட்டடி. அதில் துளசிங்கம் ராணுவ உடுப்பில் நின்றார். இரண்டு தோளிலும் மூன்று மூன்று நட்சத்திரம். மார்பில் இரண்டு வரிசை பதக்க ரிப்பன். முகம் மட்டும் பேங்க் பாஸ்புக்கில் இருந்து எடுத்தது என்பதால் கழுத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். ‘கார்கில் போர் மாவீரர், பதினாறாம் நாள் படத்திறப்பு’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. கீழ் வரிசையில் வார்டு கவுன்சிலர் கைகூப்பிக்கொண்டு கால்வாசி இடத்தை அடைத்திருந்தார். செத்தவர் முகத்தைவிடக் கவுன்சிலரின் பல் பளிச்சென்று தெரிந்தது.

மாடம்பாக்கத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைகிறவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் வர முடியாது. பார்க்க வேண்டும் என்றுதான் துளசிங்கத்தின் மகன் சக்திவேல் கட்டச் சொன்னான். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் குடையில்லாமல் நின்று அண்ணாந்து பார்த்தான். அப்பாவுக்குப் பெரிய மனிதர் களை வந்துவிட்டது போலத்தான் இருந்தது.

துளசிங்கம் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தார். கார்கில் சண்டை நடந்தபோது அங்கேதான் இருந்தார். அதிலெல்லாம் பொய் இல்லை. ஆனால் அவர் பீரங்கிப் பட்டாளத்தில் சமையல்காரர். அண்டா தூக்கினார், சப்பாத்தி உருட்டினார், பருப்பு கடைந்தார். வெளியே வந்த மறுவருஷமே ஒரு கிரைண்டரை வாங்கி வீட்டு முன்னறையில் போட்டு இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். ஒன்று மூன்றாயிற்று. மேடவாக்கம் பக்கம் அபார்ட்மெண்டுகள் எழும்ப எழும்ப, டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு அங்கேயும் போய் ஊற்றிவிட்டு வந்தார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மிலிட்டரிக்காரர் மாவு என்று ஜனங்கள் சொல்லிச் சொல்லி, அது மிலிட்டரி மாவு என்று ஆகிவிட்டது.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. வெயில் காலத்தில் உளுந்து சூடேறாமல் இருக்க ஐஸ் கட்டி போட்டு அரைப்பார். மழைக்காலத்தில் புளிக்காது என்று அண்டாவைச் சாக்குப் போட்டு மூடுவார். கல்லைக் கழுவிய தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்ப்பார். ரேகை தெரிகிற அளவுக்குத் தெளிந்தால்தான் விடுவார். பேச்சு மட்டும் வராது. “இன்னா மிலிட்டரி, சண்டயெல்லாம் போட்டியா?” என்று யாராவது கேட்டால், “இருந்தேன்” என்பார். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது. பதினாறு நாளைக்கு முன்னால் உளுந்து அண்டாவைத் தூக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார். தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயசு.

காரியம் விடியலிலேயே ஏரிக்கரையில் முடிந்திருந்தது. பதினொன்றரைக்குக் கவுன்சிலர் வந்து படம் திறப்பார், பிறகு சாப்பாடு. சக்தி பந்தலுக்குத் திரும்பியபோது உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். கிளியம்மாள் தெருப்பக்கம் வரக் கூடாது என்று பெரியவர்கள் உட்கார வைத்திருந்தார்கள். மருமகள் தேவதர்ஷினியின் போன் அவள் கையில் இருந்தது, அதில் பேனரின் படம்.

“இது யாரு?”

“இன்னாம்மா கேள்வி. அப்பா.”

“மூஞ்சி உங்கப்பாது. தோள்ல இது இன்னா?”

“டிசைன்மா. கடைல போட்டான். மிலிட்டரி டிரெஸ்னு சொன்னேன், அவனுக்குக் கெடச்சத போட்டுட்டான்.”

“மாவீரர்னு எழுதுனதும் அவனா?”

சக்தி வாசலைப் பார்த்தான். “நாலு பேரு வர்றாங்கம்மா. எம் மாமனார் வூட்டு ஆளுங்க, ஆபீஸ் ஆளுங்க. ஒரு மரியாத வோணாமா அவருக்கு?”

“அவருக்கு மரியாத இல்லன்னு எவன் சொன்னான்? கழட்டு அத்த.”

“கவுன்சிலர் படம் கீதும்மா அதுல. கழட்டினா அவரு மூஞ்சியப் புடிச்சு இழுத்தாமாதிரி ஆயிடும். அவரு ஆளு ரவி என்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவான்.”

“செத்தது கவுன்சிலரு இல்லடா. ஒன் அப்பன்.”

தேவதர்ஷினி நடுவில் வந்தாள். “அத்தை, இன்னைக்கு ஒரு நாள்தானே. ஈவினிங் எடுத்துடலாம். யார் வந்து ஸ்டார எண்ணப் போறாங்க?”

கிளியம்மாள் மருமகள் பக்கம் திரும்பவே இல்லை. மகனையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். சக்திக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. கோபம் என்றால் கத்தித் தீர்த்துவிடுகிற அம்மா அவள்.

அப்போதுதான் துளசிங்கத்தின் போன் அடித்தது. மாவு கேட்டு இன்னும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் அதை அணைக்காமல் வைத்திருந்தார்கள். சக்தி எடுத்தான்.

“துளசி வூடா?” கனத்த குரல். “நம்பர் மாத்தல. நல்ல வேள. நான் பிரிட்டோ பேசறேன், அனகாபுத்தூர்லேந்து. நீ சக்தியா?”

“ஆமா சார்.”

“அவரும் நானும் ஒரே ரெஜிமென்ட்டு. போய்ட்டாருன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. பேனர் போட்டோ ஒண்ணு எங்க குரூப்ல சுத்திகினு கீது. அதப் பாத்துதான் தெரியும்.”

“சார், அது…”

“பாத்தேன் தம்பி. வரோம். ஏழு பேரு. பதினோரு மணிக்கு அங்க இருப்போம்.”

அவ்வளவுதான், வைத்துவிட்டார். திட்டியிருந்தாலாவது மனசு ஒரு நிலைக்கு வந்திருக்கும்.

கவுன்சிலருக்கு எல்லா வேலையும் பார்க்கிற ரவி, சக்தியோடு ஒன்றாகப் படித்தவன். பேனர் அவன் ஏற்பாடுதான். சக்தி அவனைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“மச்சான், இத எறக்கணும்.”

“இன்னா வெளாடறியா? கார் வர்ற வழி இது. அவரு மொதல்ல பாக்கறதே தன்னோட போட்டோவ தான்.”

“அப்பா கூட இருந்தவங்க வர்றாங்கடா. அவரு குக்குன்னு அவங்களுக்குத் தெரியும். மூணு ஸ்டாருன்னா கேப்டன். செருப்பால அடிப்பாங்க.”

ரவி பேனரைப் பார்த்தான், சக்தியைப் பார்த்தான். “குக்கா? நீ ஆறாவதுலயே சொன்னியேடா, உங்கப்பா குண்டு போட்டு எதிரியோட பங்கர ஒடச்சாருன்னு.”

சக்தி தலையைக் குனிந்துகொண்டான்.

“பேஜார் புடிச்சவன்டா நீ. இப்ப வந்து சொல்ற. அண்ணன் பேச்சு எழுதிக் குடுத்தாச்சு, கார்கில் கார்கில்னு ஆறு எடத்துல வருது. ஒண்ணு செய். மாலைய போட்டு மறை. இங்கயும், உள்ள திறக்கற படத்துலயும். நல்லா குண்டு மாலையா வாங்கு. ஸ்டாரும் தெரியாது, மெடலும் தெரியாது.”

மூழ்குகிறவனுக்கு அதுவே படகாகத் தெரிந்தது. சேலையூர் போய் இரண்டு சம்பங்கி மாலை, இரண்டு ரோஜா மாலை, கை பருமனுக்கு வாங்கி வந்தான். பேனரில் ஏணி வைத்துக் கட்டியதைக் காற்று இரண்டே நிமிஷத்தில் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டது. இடது தோள் மறைந்தால் வலது தோள் தெரிந்தது. மறுபடி ஏறினான். கயிறு வழுக்கியது. கீழே நின்ற இஸ்திரிக்காரர், “அது ஏன்பா அவர இந்தப் பாடு படுத்தற, மழைல நல்லாத்தானே நிக்கிறாரு” என்றார். கடைசியில் பேனரை அப்படியே விட்டுவிட்டு, பந்தலில் வைத்திருந்த சட்டம் போட்ட படத்துக்கு வந்தான். அதற்கும் அதே உடுப்புதான். சம்பங்கி மாலையைத் தோள் இரண்டும் மூடும்படி போட்டு, ரோஜா மாலையை மார்புக்குக் குறுக்கே விட்டு, மேலே வெள்ளை வேட்டியைப் போர்த்தினான். திருட்டுச் சாமானை ஒளிக்கிறவன் மாதிரிதான் இருந்தான்.

பதினோரு மணிக்குச் சரியாக ஒரு வேன் வந்து நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், தலையில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துத் தொப்பி. இரண்டு பேர் மலர்வளையத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் வந்தவர் பிரிட்டோ. அறுபதைத் தாண்டியவர், ஒரு முழங்கால் சரியாக மடங்கவில்லை. பேனருக்குக் கீழே நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். மற்ற ஆறு பேரும் நின்று பார்த்தார்கள். பிரிட்டோ தொப்பியைக் கழற்றி மடித்துப் பேண்ட் பாக்கெட்டில் வைத்தார். அதைப் பார்த்து ஆறு பேரும் கழற்றினார்கள்.

சக்தி ஓடிப்போய்க் கும்பிட்டான். “வாங்க சார். பேனர் விஷயம், கடைக்காரன் பண்ண மிஸ்டேக்…”

“படம் எங்க?”

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எண்பது பேர் இருந்தார்கள். தேவதர்ஷினியின் அப்பா முன்வரிசையில். பிரிட்டோ நேராக மேஜைக்குப் போனார். வேட்டியின் ஓரத்தை லேசாகத் தூக்கினார். உள்ளே மாலை. ஒரு விரலால் சம்பங்கியை ஒதுக்கினார். நட்சத்திரம் தெரிந்தது. விரலை எடுத்துக்கொண்டு, வேட்டியைப் பழையபடி இழுத்துவிட்டார்.

“தனியா பேச எடம் கீதா தம்பி?”

கிரைண்டர் இருந்த முன்னறையைத் தவிர வேறு இடமில்லை. மூன்று கிரைண்டரும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. பதினாறு நாளாக ஓடாத கல்லில் இன்னும் உளுந்து வாசனை இருந்தது. பிரிட்டோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“உங்கப்பா சமைச்சத பதினோரு வருஷம் சாப்ட்டவன் நான். அவருக்கும் ரெண்டு மெடலு கீது. அங்க இருந்த எல்லாருக்கும் குடுத்தது. அதையே பொட்டிய வுட்டு எடுக்க மாட்டாரு. நீ மாட்டி வுட்டுருக்கறது எவனோ ரத்தம் சிந்தி வாங்குனது. தெரியுமா ஒனக்கு?”

“தெரியாம…”

“அப்பா குக்குன்னு தெரியும் இல்ல?”

“தெரியும் சார். பத்து வயசுல டிரங்குப் பொட்டில அவரு பட்டாளத்துப் புஸ்தகத்த பாத்தேன். டிரேடுன்னு போட்டு குக்குன்னு எழுதியிருந்துச்சு.”

“அப்பறம்?”

பிரிட்டோ அவசரப்படவில்லை. வெளியே மைக்கில் யாரோ ‘ஹலோ, ஒன் டூ’ என்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டாயிரத்து நாலு, ஆகஸ்ட்டு,” என்று பிரிட்டோவே சொன்னார். “ஞாபகம் கீதா? நீ படிச்ச ஸ்கூலு.”

சக்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நாளைப் பற்றி வீட்டில்கூட யாரும் பேசி அவன் கேட்டதில்லை.

ஆறாம் வகுப்பில் அவனுக்கு ‘மாவு’ என்று பெயர். காலையில் அப்பாவோடு கேன் தூக்கிக் கொடுத்துவிட்டு, சட்டையில் திட்டுத்திட்டாக மாவோடு போவான். பக்கத்தில் உட்கார்ந்தால் புளிச்ச வாடை என்று பெஞ்சில் நகர்ந்துகொள்வார்கள். ஒருநாள் தாங்காமல், எங்கப்பா கார்கில்ல பங்கர ஒடச்சவருடா என்று சொல்லிவிட்டான். பேச்சு பரவி ஹெட்மாஸ்டர் காதுக்கும் போயிற்று. சுதந்திர தினத்துக்குத் துளசிங்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். எதற்கு என்று தெரியாமலே அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். எண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால் ஹெட்மாஸ்டர் மைக்கில் பங்கர் கதையை முழுக்கச் சொன்னார். துளசிங்கம் மேடையில் நின்று கேட்டார். மறுக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை. மிட்டாயை வாங்கிக்கொண்டு எக்ஸெல்லில் ஏறிப் போய்விட்டார். வீட்டிலும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உள்ளூர அவருக்குச் சந்தோஷம்தான் என்று சக்தி இருபத்தோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான்.

“வருஷா வருஷம் செப்டம்பர்ல நாங்க ரெஜிமென்ட்டு ஆளுங்க ஒண்ணு சேருவோம்,” என்றார் பிரிட்டோ. “பல்லாவரத்துல ஒரு ஹால்ல. அன்னிக்கி சமையல் அவருதான். அம்பது அறுவது பேருக்கு. கூலிக்கு ஆள் போடலாம்னா வுட மாட்டாரு. அந்த ஒரு நாள்தான் அவரு வாய தொறந்து பேசி நாங்க பாக்கறது. பழைய கதையெல்லாம் பேசுவாரு, பாட்டுகூட பாடுவாரு.”

அப்பா பாடுவாரா? சக்தி நிமிர்ந்து பார்த்தான்.

“அந்த வருஷம் வரல. அடுத்த வருஷமும் வரல. நான் தேடிகினு வந்தேன். இதோ இங்க ஒக்காந்து கல்லு கழுவிகினு இருந்தாரு. இன்னா துளசி, எங்க மேல கோவமான்னு கேட்டேன். சொல்லவே மாட்டேனுட்டாரு. அப்பறம் சொன்னாரு. ‘பண்ணாதத பண்ணேன்னு மைக்ல சொன்னாங்க பிரிட்டோ, நான் வாய மூடிகினு நின்னுட்டேன். நம்ம ஆளு ஒம்பது பேரு அங்கயே போனானுங்க. அவனுங்க பேர திருடிகினவன் உங்க நடுவுல வந்து எப்டி ஒக்காருவேன்?’ன்னாரு.”

“நீங்க சமாதானம் சொல்லலயா சார்?”

“சொல்லாம? இன்னா பெரிய தப்பு, புள்ள ஏதோ சொல்லிட்டான்னு எவ்ளோ சொன்னேன். நாலு தபா வந்தேன். டீ குடுப்பாரு, மாவு ஒரு தூக்கு குடுப்பாரு. வர மாட்டாரு. அப்பறம் நானும் வுட்டுட்டேன். இருவத்தோரு வருஷம் ஆவுது.”

சக்தி கிரைண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. திருப்பிச் சரிசெய்ய முடியாத ஒன்றைச் செய்துவிட்டவனின் பயம்.

“நாங்க ஒன்ன அசிங்கப்படுத்த வரல,” பிரிட்டோ எழுந்தார். “அவரு முன்ன நிக்க வந்தோம். ஆனா அந்தப் படத்து முன்ன நிக்க எங்களால ஆவாது. நீ அத்த தெறந்தீன்னா, வளையத்த வாசல்ல வச்சுட்டுப் போயிடுவோம். சத்தம் போட மாட்டோம். பயப்படாத.”

ரவி அரக்கப்பரக்க எட்டிப் பார்த்தான். “மச்சான், அண்ணன் கார் வந்துடுச்சு. சீக்கிரம் வா.”

கவுன்சிலர் நனையாமல் நான்கு குடைகளுக்குக் கீழே வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதலில் இரண்டு பேர் பேச வேண்டும் என்று ஏற்பாடு. மேடவாக்கம் அபார்ட்மெண்டில் இருந்து வந்திருந்த ஸ்ரீரங்கன் மைக்கைப் பிடித்தார். “பதினெட்டு வருஷமா சார் கிட்டதான் மாவு வாங்கறோம். ஒரு நாள் லேட் ஆனதில்லை. ஒரு நாள் புளிச்சதில்லை. பட், இவ்வளவு பெரிய வார் ஹீரோன்னு எனக்கு இன்னைக்கு பேனரைப் பார்த்துதான் தெரியும். ரியலி, எனக்கு கில்ட்டியா இருக்கு” என்றார். கைதட்டல். பின்வரிசையில் ஏழு பேரும் மலர்வளையத்தோடு நின்றுகொண்டே இருந்தார்கள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

“அடுத்து குடும்பத்தின் சார்பாக மகன் இரண்டு வார்த்தை. அதன்பின் மாண்புமிகு அண்ணன் படத்தைத் திறந்து வைப்பார்” என்று ரவி அறிவித்தான். மைக்கைக் கொடுக்கும்போது காதருகே, “நன்றி மட்டும் சொல்லு, போதும்” என்றான்.

சக்தி மைக்கை வாங்கினான். மாமனாரைப் பார்த்தான், ஆபீசில் இருந்து வந்தவர்களைப் பார்த்தான். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அம்மா நின்றாள். வேட்டி போர்த்திய படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசினான்.

“எங்கப்பா கார்கில்ல இருந்தாரு. அது நெசம். ஆனா அவரு குக்கு. சமையல்காரரு. துப்பாக்கி தூக்கி சண்ட போட்டவரு இல்ல. இந்த படத்துல தலை மட்டும்தான் எங்கப்பாவோடது. மீதி எவரோடதுன்னு எனக்குத் தெரியாது.”

பந்தலில் சலசலப்பு. மாமனார் திரும்பி மகளைப் பார்த்தார். சாமியானாவில் தேங்கிய தண்ணீர் ஒரு மூலையில் கொட்டி, இரண்டு பேர் நாற்காலியை நகர்த்தினார்கள்.

கவுன்சிலர் கில்லாடி. எழுந்து வந்து, சக்தியின் தோளில் கைபோட்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சமையல்காரர்னா என்னங்க? வயித்துக்குச் சோறு இல்லாம எந்தப் படையாவது ஜெயிச்சிருக்கா? சோறு போட்டவரும் மாவீரர்தான். அதைத் தைரியமா ஒத்துக்கிட்ட நம்ம சக்திவேலும் வீரர்தான்.” பந்தல் கைதட்டலில் அதிர்ந்தது. ஸ்ரீரங்கன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரவி மூச்சு விட்டான். கவுன்சிலரின் கை வேட்டியின் முனைக்குப் போயிற்று.

சக்திக்கு அப்போதுதான் புரிந்தது. இதுவும் அதே மேடைதான். அன்றைக்கு அப்பா, இன்றைக்கு அவன். கைதட்டிவிட்டார்கள், சும்மா நின்றால் போதும், எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துவிடலாம்.

“அண்ணா, தெறக்காதீங்க,” என்று மைக் இல்லாமலே சொன்னான். “இன்னும் கீது. கார்கில்ல சண்ட போட்டாருன்னு பொய் சொன்னது நான். ஸ்கூல்ல சொன்னேன். அவர மேடைல கூட்டிட்டு வந்து நிக்க வச்சேன். அவரு பொய் சொல்லல. என்ன காட்டிக் குடுக்காம நின்னாரு, அவ்ளோதான். அதுக்கப்பறம் கூட இருந்தவங்க மூஞ்சில முழிக்க முடியாம, சாகறவரைக்கும் அவங்களப் பாக்கவே போகல. அத எனக்கு யாரும் சொல்லல. நானும் கேக்கல. மறுபடியும் அதே பொய்ய பத்தடி பேனர்ல போட்டுட்டேன். இந்த படத்த தெறக்க வேணாம்.”

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் ஜனங்கள் மழையைப் பார்த்தார்கள். தேவதர்ஷினியின் அப்பா எழுந்து செருப்பைத் தேடினார். கவுன்சிலர் கடிகாரத்தைப் பார்த்து, இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது என்று ரவியிடம் சொல்லிவிட்டுக் குடைகளுக்குக் கீழே போனார். ரவி போகிற போக்கில் சக்தியைப் பார்த்த பார்வையில், இனி ‘மச்சான்’ இருக்காது என்று தெரிந்தது.

உள்ளேயிருந்து கிளியம்மாள் வாசல்வரை வந்தாள். வரக் கூடாது என்று யாரோ சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. “பிரிட்டோ அண்ணா, உள்ள வாங்க. அவரு இங்க கீறாரு” என்றாள்.

உள்ளறையில் விளக்குக்குப் பக்கத்தில், பதினாறு நாளாகப் பொட்டு வைத்துக் கும்பிட்ட சின்ன போட்டோ இருந்தது. அதே பாஸ்புக் முகம், வெள்ளைச் சட்டை. ஏழு பேரும் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். சின்ன அறை, தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பிரிட்டோ தாழ்ந்த குரலில் ஏதோ ஒரு சொல் சொன்னார். ஏழு கையும் ஒன்றாக நெற்றிக்குப் போயின. சக்தி வாசற்படியிலேயே நின்றுகொண்டான்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பிரிட்டோ கை கழுவும்போது சக்தியிடம், “நீ பேசுனது சரி தம்பி,” என்றார். “அவரு இருக்கசொல்ல பேசியிருந்தா வந்திருப்பாரு.” சொல்லிவிட்டுத் தோளில் தட்டவில்லை. வேன் ஏறிப் போய்விட்டார்.

பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தபோது மூன்று மணி. கிளியம்மாள் பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சக்தி போய்ப் பக்கத்தில் நின்றான்.

“ஒனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏம்மா சொல்லல? காலைலகூட சொல்லலயே நீ. அவரு இருக்கசொல்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவங்க கால்ல வுழுந்து கூட்டினு வந்திருப்பேனே.”

“சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு.” அவள் அண்டாவைக் கவிழ்த்தாள். “அன்னிக்கி ஸ்கூல்லேந்து வந்து, சட்டையக்கூட கழட்டாம ஒக்காந்துகினு கீறாரு. இன்னாய்யா ஆச்சுன்னேன். சொன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம், அவன ரெண்டு சாத்து சாத்தினாதான் அடங்குவான்னு வெளக்கமாத்த எடுத்தேன். கையப் புடிச்சுகினாரு.”

“இன்னா சொன்னாரு?”

“‘கிளி, நான் மேடைல நிக்கசொல்ல நம்ம புள்ளையத்தான் பாத்துகினு இருந்தேன். ரெண்டு பசங்க அவன் தோள்ல கைய போட்டுகினு நின்னாங்க. அவன் கூட ஒருத்தன் சேந்து நின்னு இன்னிக்கிதான் பாக்கறேன். நான் வாயத் தொறந்தா அந்தக் கை எறங்கிடும். அதான் சொல்லல’ன்னாரு.”

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். சக்தி குழாயடி ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த இரண்டு பையன்கள் யார் யார் என்று நினைத்து நினைத்துப் பார்த்தான். ஒருவன் பெயர்கூட ஞாபகம் வரவில்லை.